உப்பளத்தில் மிதந்த கட்டைமீன்

அன்புள்ள தங்கராஜ் அத்தானுக்கு,

நாளை ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. காலை ஆராதனை முடிந்ததும் சபையில் உங்களுக்கு நினைவு ஜெபம் வைத்திருக்கிறார்கள். வீட்டார் சார்பில் ஒருவர் எழுந்து உங்களைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் கேட்டாராம். அக்கா என் பெயரைக் கொடுத்துவிட்டாள். "அவரு கூடயே சுத்துனவன் நீதான், நீயே சொல்லு" என்றாள். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டி முடிப்பதற்குள் அடுத்த வார்த்தை வந்தது.

"அந்த முள்ளு விசயத்த மட்டும் எடுக்காத, தம்பி. நல்லா வாழ்ந்த மனுசனுக்கு அது ஒண்ணுதான் அவமானம். அது அவரோடயே போவட்டும்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அத்தான். ஆபீசில் கொழும்புக்குப் போக வேண்டிய சரக்குக்குக் கொச்சி என்று அடித்துக் கொடுத்து மேனேஜரிடம் ஏச்சு வாங்கினேன். கப்பல் கம்பெனியில் கடிதம் எழுதியே காலம் தள்ளியவன் நான். இந்த ஒரு கடிதத்தை எழுத மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. நீங்கள் வாசிக்கப்போவதில்லை என்று தெரியும். மற்றவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் அக்காவின் கணவர். சாகுபுரத்துத் தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டர். முத்தையாபுரத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு தெரு. நம் சின்ன சபையின் சாவிக்கொத்து பதினோரு வருஷம் உங்கள் இடுப்பில்தான் கிடந்தது. கதவு திறப்பது, பாய் விரிப்பது, முழுக்கு ஞானஸ்நானம் என்றால் முந்தின நாள் லாரித் தண்ணீர் சொல்லித் தொட்டியை நிரப்புவது எல்லாம் நீங்கள்தான். இன்னொன்றும் உண்டு. நீங்களும் நானும் மரத்தில் மீன் செய்யப் பழகினோம்.

பழையகாயல் முகத்துவாரத்தில் அன்று நாம் இருவரும் தூண்டிலில் செத்த இறாலைக் கோர்த்துக்கொண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து நின்றார். விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்றை வீசினார், இழுத்தார், வீசினார், இழுத்தார். பத்தாவது வீச்சில் ஒரு பாரை மீன் அவர் கையில் துள்ளியது. அதன் வாயிலிருந்து அவர் கழற்றியதை நீங்கள் கேட்டு வாங்கிப் பார்த்தீர்கள். "ஏ மாப்ளே, இது மரம்லா! மரத்தப் போயி மீனு கடிக்குது பாத்தியா!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் அந்த மனிதரே சிரித்துவிட்டார். கடையில் அதை லூர் என்பார்கள். நமக்கு அது அன்றிலிருந்து கட்டைமீன்.

செல்போனில் ஒரு வீடியோ கிடைத்தது. அந்த ஆள் என்ன பாஷை பேசுகிறார் என்பது நமக்குக் கடைசிவரை தெரியவில்லை. கையை மட்டும் பார்த்துப் பழகினோம். மழையில் ஒடிந்து விழுந்த கல்யாண முருங்கைக் கிளையைக் காயவைத்து, கல்யாணப் பத்திரிகை அட்டையில் மீனை வெட்டி, அதை வைத்துக் கட்டையில் கோடு போட்டோம். வயிற்றில் ரம்பத்தால் நீளமாகக் கீறி, துருப்பிடிக்காத கம்பியை உள்ளே ஓடவிட்டு, வலைக்காரர்களிடம் கிடைக்கும் ஈயக் குண்டை உருக்கி ஊற்றி, பசை வைத்து மூடினோம். தாடைக்கு அடியில் பழைய சி.டி.யை வெட்டி ஒரு நாக்கு வைத்தோம். இழுத்தால் அந்த நாக்கில் தண்ணீர் முட்டி, மீன் உடம்பை ஆட்டிக்கொண்டு முங்கிப் போக வேண்டும். விட்டால் தானாக மேலே வர வேண்டும். அதுதான் கணக்கு.

முதல் ஐந்தும் தேறவில்லை. ஒன்று பம்பரமாகச் சுற்றியது. ஒன்று காய்ச்சல்காரனைப் போல ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. நீங்கள் ஒவ்வொன்றையும் நிறுத்து எடை பார்த்து, கழற்றிய வால்வுக்குத் தொழிற்சாலையில் கட்டுவதுபோலவே ஒரு அட்டை கட்டி, என்ன தப்பு என்று பென்சிலால் எழுதி வைப்பீர்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நான் தப்பானதைத் தூக்கி அடுப்படிப் பக்கம் எறிந்துவிட்டு அடுத்ததைச் செதுக்க உட்காருவேன்.

கண் வைக்க நகச்சாயம் வேண்டும் என்று ஃபேன்சி ஸ்டோருக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பெண்கள் தோடுகூடப் போடாத சபையைச் சேர்ந்தவர் நகச்சாயம் கேட்கிறார். கடைக்கார அண்ணாச்சிக்குக் கண் விரிந்துவிட்டது. "யாருக்கு சார்?" என்றார். நீங்கள் முகத்தை வெகு அமைதியாக வைத்துக்கொண்டு "மீனுக்கு அண்ணாச்சி" என்றீர்கள். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார். நீங்கள் மஞ்சள் எடுத்தீர்கள். நான் சிவப்பு. அதற்குப் பிறகு உங்கள் மீன்களுக்கெல்லாம் மஞ்சள் கண், என்னுடையவற்றுக்கெல்லாம் சிவப்புக் கண். இதை இங்கே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

வாளியில் விட்டுப் பார்த்தால் கட்டைமீன் நீந்துவது தெரியாது. ஆறேழு அடியாவது இழுத்தால்தான் ஆட்டம் பிடிபடும். நம் சபைத் தொட்டி எட்டடி நீளம். வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் நிறையும். அப்படி ஒரு சனிக்கிழமை லாரிக்காரன் போன பிறகு நீங்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "அழுக்கு ஒண்ணும் ஆவாதே. நாளைக்கு மனுசன் முங்கப் போறான், இன்னைக்குக் கட்ட முங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பாஸ்டர் வீட்டு ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டீர்கள். ஆனால் சட்டம் கறார். தூண்டில் முள் நுனியில் சைக்கிள் டியூபை வெட்டிச் செருகாமல் எதுவும் தண்ணீருக்குள் போகக் கூடாது. முடிந்ததும் விரலை மடக்கி எண்ணுவீர்கள். "மீனு ரெண்டு, முள்ளு நாலு. எல்லாம் வெளிய வந்தாச்சு."

இனி என் கதை.

நாற்பது வயதில் நான் முழுக்கு எடுக்க முடிவு செய்தேன். நாசரேத் ஊரில் இருக்கும் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. குழந்தையில் தெளித்த தண்ணீர் போதாதா என்று கேட்டார். எனக்காக அவரிடம் போய்ப் பேசியவர் நீங்கள். அந்த வாரம்தான் உங்களுக்குத் தெரியாமல் ஒரு மீன் செய்துகொண்டிருந்தேன். முதுகில் நீலம், வயிற்றில் வெள்ளி. உங்கள் மீன் ஒரு முழம் முங்கும். என்னுடையது அதற்கும் கீழே போக வேண்டும், உங்களை அசத்திவிட வேண்டும் என்று ஆசை. ஆபீஸ் விட்டு வரும் வழியில் உப்பளத்து வாய்க்காலில் விட்டுப் பார்த்தேன். மிதந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் ஈயம் சேர்த்தேன். மறுநாளும் மிதந்தது. மறுபடி சேர்த்தேன். நாலாவது நாள், மேலே வரவும் அவசரமில்லாமல் கீழே போகவும் அவசரமில்லாமல், தண்ணீருக்குள் அந்தரத்தில் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

உப்பளத்துத் தண்ணீரில் ஆளே மிதப்பான். முத்தையாபுரத்தில் பள்ளிக்கூடம் போகாதவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கு அன்று தோன்றவில்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தலையில் குட்டிச் சொல்லியிருப்பீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் தொட்டியை நிரப்பிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினீர்கள். "பூட்டிட்டுச் சாவிய அக்காட்ட குடுத்துரு மாப்ளே" என்று கொத்தை என் கையில் கொடுத்தீர்கள். நீங்கள் பஸ் ஏறியதும் நான் பையிலிருந்து மீனை எடுத்தேன். டியூபைச் செருகினால் ஆட்டம் கெடுகிறது என்று செருகவில்லை. ஒரு இழுப்பு இழுத்தேன். அத்தான், அந்த ஒரு இழுப்பில் அது நிஜ மீனாகவே போயிற்று. அப்புறம் மேலே வரவில்லை. நல்ல தண்ணீர் அல்லவா, நேரே அடிக்குப் போனது. பதறிப்போய்ச் சுண்டி இழுத்தேன். முடிச்சு உருவிக்கொண்டு வெறும் தூண்டில் நரம்பு கைக்கு வந்தது.

தொட்டியின் அடியில் பதித்திருப்பது நீல ஓடு. மீன் முதுகும் நீலம். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. துடைப்பக் குச்சியை விட்டுத் துழாவினேன், அகப்படவில்லை. அதற்குள் மாலை ஜெபத்துக்குப் பெண்கள் வரும் பேச்சு வாசலில் கேட்டது. இறங்கித் தேடியிருக்கலாம். நெஞ்சளவு தண்ணீர்தான். ஆபீஸ் பேன்ட் நனைந்துவிடும் என்று யோசித்தேன். அதுதான் உண்மை. காலையில் முதல் ஆளாக வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டுப் போனேன்.

காலையில் சபையாரில் முதல் ஆளாகத்தான் வந்தேன். எனக்கு முன்பே பாஸ்டர் தொட்டிப் படியில் முழங்காலில் இருந்தார். அவரை எழுப்பி "உள்ளே தூண்டில் முள் கிடக்கிறது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்காவது மூலையில் ஒதுங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு சபை கூடிவிட்டது. வெள்ளை உடுத்தி நால்வர் வரிசையில் நின்றோம். நான் நாலாவது. இரண்டாவது வசந்தா டீச்சர்.

டீச்சர் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பாஸ்டர் அவரைத் தூக்கிப் படியில் உட்கார வைத்தபோது, குதிகாலில் என் மீன் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் கொஞ்சம்தான். ஆனால் வெள்ளைச் சேலையில் அது நிறையத் தெரிந்தது. பாட்டு நின்றுவிட்டது. "இது யாருடையது?" என்று பாஸ்டர் கேட்டார். உங்களுக்குத்தான் அந்தக் கிறுக்கு உண்டு என்று சபைக்கே தெரியும். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் துண்டுகளை வைத்துக்கொண்டு தொட்டி ஓரம் நின்றீர்கள். குனிந்து அந்த மீனின் கண்ணைப் பார்த்தீர்கள். சிவப்பு. என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங் கைவேலதான் பாஸ்டரய்யா. நேத்து எடுக்க மறந்துட்டேன்" என்றீர்கள்.

எனக்கும் உங்களுக்கும் நடுவே நாலடிகூட இல்லை. என் வாய் திறக்கவில்லை. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன், அப்போதும் திறக்கவில்லை. டீச்சரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பாஸ்டர் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார். மூன்றாவது ஆள் முடிந்து என் முறை வந்தது. அதே தண்ணீரில், அந்தப் பொய்யோடு முங்கி எழுந்தேன். கரையேறியதும் துண்டை என் தோளில் போர்த்தியது நீங்கள்.

அடுத்த வாரம் பாஸ்டர் உங்களைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் சாவிய வேற பிரதர் வச்சிருக்கட்டும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு கையாலும் கொத்தை நீட்டினீர்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. கடைசி வரிசைத் தூணோரம் உங்கள் இடம் ஆகிவிட்டது. சபைப் பிள்ளைகளுக்கு நீங்கள் தூண்டில் மாமா ஆகிவிட்டீர்கள். வசந்தா டீச்சர் பத்தாம் நாளே உங்களிடம் வந்து சிரித்துப் பேசிவிட்டார். அக்காவால்தான் முடியவில்லை. பெண்கள் ஜெபக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தவள் அதை விட்டுவிட்டாள். நாற்பது நாள் உங்களோடு பேசவில்லை. "சோறு எடுத்து வச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துத்தான் சொல்வாளாம். நீங்களும் சுவரைப் பார்த்து "சரி" என்பீர்களாம்.

எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் ஆக்கினார்கள். ஞாயிறு தோறும் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் எடுத்தேன். வெட்கமே இல்லாமல் எடுத்தேன் அத்தான்.

ஒரே ஒரு தடவை சொல்ல வந்தேன். பஸ் ஸ்டாப் டீக்கடையில் நீங்கள் ஷிப்டுக்குக் காத்திருந்தீர்கள். "அத்தான், அன்னைக்குத் தொட்டியில..." என்று தொடங்கினேன். "டீ ஆறுது, குடி" என்றீர்கள். நான் குடித்தேன். எவ்வளவு வசதியாகக் குடித்தேன்! அன்று நீங்கள் என்னைத் தடுத்தது இரக்கத்திலா? இல்லை, இவனாக வற்புறுத்திச் சொல்கிறானா பார்ப்போம் என்று விட்டுப்பிடித்தீர்களா? ஒரு வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் அதற்குப் பிறகு ஒரு மீனும் செய்யவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் அக்கா அலமாரியை ஒழித்தபோது உங்கள் தகரப் பெட்டியைத் தூக்கி என்னிடம் கொடுத்தாள். "இந்தச் சனியன நீயே கொண்டு போ, எனக்குப் பாக்கவே பிடிக்கல" என்றாள். வீட்டில் திறந்தேன். அரம், உப்புத்தாள், மஞ்சள் நகச்சாயம். அடியில் ஒரு துணிச்சுருள். அதற்குள் என் சிவப்புக் கண் மீன். பாஸ்டரிடமிருந்து எப்போது வாங்கினீர்கள்? முள்ளைக் கழற்றியிருந்தீர்கள். வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கொஞ்சம் ஈயத்தைத் தோண்டி எடுத்திருந்தீர்கள். வாலில் வழக்கம்போல ஒரு அட்டை.

"உப்பளத் தண்ணியில பாத்திருக்கான். நல்ல தண்ணிக்கு ஈயம் கூடுதல். இன்னும் 2 கிராம் எடுக்கணும். வால் ஆட்டம் நல்லாருக்கு."

அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை, ஒரு வருத்தம் இல்லை. ஐந்து வருஷம் சேர்ந்து செதுக்கியதில் என் மீனை நீங்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதே கிடையாது. நான் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு நீங்கள் சொன்னபடியே செய்தேன். தராசை வைத்துக்கொண்டு, துளி துளியாகத் தோண்டி, இரண்டு கிராம் எடுத்தேன். நாலு சாயங்காலம் ஆயிற்று. பொறுமையாக ஒரு வேலையைச் செய்வது எப்படி என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. துளையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். தண்ணீர் டிரம்மில் அடிவரை அமுக்கி விட்டேன். மெதுவாக ஆடிக்கொண்டு மேலே வந்தது. காட்ட ஆள் இல்லை.

இன்று மத்தியானம் அந்த மீனை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அட்டையை முதலில் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"அவரு எழுத்துல்லா இது. யாரச் சொல்லுதாரு?"

"என்னையத்தான் அக்கா. அன்னைக்குத் தொட்டிக்குள்ள கெடந்தது என்னோட மீனு. நாந்தான் போட்டேன். அத்தான் அதத் தொடவே இல்ல."

அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அடிக்கவில்லை. மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீதான்னு அவருக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும். கண்ணுல செவப்பு வைக்கது நாந்தான்னு அவருக்குத் தெரியும்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நாப்பது நாளு தட்டத் தரையில வச்சிட்டுப் போனேன் கிங்ஸ்லி. நிமிந்து ஒரு வார்த்த சொல்லல அந்த மனுசன். ஒரே ஒரு வார்த்த சொல்லிருந்தா நா பேசிருப்பேம்லா" என்றாள். உங்கள் பெயரைக் கழுவப் போய் அவள் தலையில் ஒரு பாரத்தை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். அந்த நாற்பது நாளை அவளுக்கு நான் எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பேன், அத்தான்?

"நீ இப்ப போ" என்றாள். தம்பி என்று சொல்லவில்லை. கேட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்குச் சொல்லுவியா?"

"சொல்லுவேன் அக்கா."

"மைக்குகிட்ட நின்னு சொல்லாத. தொட்டிகிட்டப் போயி நில்லு. அவரு நின்ன எடத்துல நின்னு சொல்லு. நா மொத வரிசையிலதான் இருப்பேன். அன்னைக்கு முக்காட்ட இழுத்து மூடுனேன். நாளைக்கு மூட மாட்டேன்."

இதை முடிக்கிறேன் அத்தான். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். மீன் அதன் பையில் இருக்கிறது, உங்கள் அட்டையோடு. நாளை வசந்தா டீச்சர் இருப்பார், பாஸ்டர் இருப்பார், என்னிடம் பாடம் கேட்ட பிள்ளைகள் எல்லாம் இருப்பார்கள். சாவிக்கொத்து உங்கள் இடுப்புக்குத் திரும்பி வரப்போவதில்லை. ஓய்வுநாள் பள்ளியும் எனக்கு இனி இருக்காது, இருக்கவும் கூடாது. தொட்டி ஓரம் நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்று, அந்த மீனை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து, நீங்கள் எனக்காகச் சொன்ன வார்த்தையை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்வேன். "எங் கைவேலதான் பாஸ்டரய்யா" என்பேன். வாக்கு.

துண்டு போர்த்திவிட்ட தோளோடு,
உங்கள் மச்சினன்
கிங்ஸ்லி